சென்னை ஹாலில் ஹோம் தியேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா நகரோ மேடவாக்கமோ, சென்னை ஃபிளாட் ஹாலுக்கு ஒரே ஜாதகம்தான். கான்கிரீட் கூரை, வழவழ டைல்ஸ் தரை, ஒரு பக்கம் சுவரில்லாமல் டைனிங்கோடு கலந்த கூடம், டிவிக்கு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டிருக்கும் சோபா. இந்த மாதிரி ஹால்களில் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் பல வருடமாக ஸ்பீக்கர் வயர் இழுத்துக் கொடுக்கிறேன். கூலி ஒரு டம்ளர் காபி. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

ஹோம் தியேட்டர் போடணும். முதல்ல என்ன வாங்கணும்?

இஞ்ச் டேப்.

கிண்டலில்லை. ஹாலை அளந்து ஒரு பேப்பரில் வரையுங்கள். ஜன்னல், பூஜை அறைக் கதவு, பிளக் பாயிண்ட் எல்லாம் அதில் வரட்டும். பிறகு சோபாவைச் சுவரிலிருந்து எவ்வளவு முன்னால் இழுக்க முடியும் என்று வீட்டில் பேசி முடியுங்கள். ஒன்றரை அடி கிடைத்தாலே பெரிய விஷயம். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் பேஸ், அதாவது அதிரும் அடிச்சத்தம், அங்கேதான் குவியும். பின்னால் வரவேண்டிய சத்தத்துக்கும் இடமே இருக்காது. இரண்டு லட்சத்துக்கு செட் வாங்கியவர் வீட்டிலும் நான் முதலில் செய்வது சோபாவைப் பிடித்து இழுப்பதுதான். பாதி நேரம் அதோடு என் வேலை முடிந்துவிடும்.

எங்க ஹால் 11-க்கு 14. இதுக்கு 5.1 போதுமா, 7.1 போடணுமா, அட்மாஸ் போடணுமா?

முதலில் எண்ணைப் பார்ப்போம். 5 என்றால் முன்னால் இடது, வலது (ஃப்ரன்ட்), நடுவில் ஒன்று (சென்டர்), பக்கவாட்டில் இரண்டு (சரவுண்ட்). .1 என்றால் பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர், சுருக்கமாக சப். 7.1 வேண்டாம். அதில் கூடுதலாக வரும் இரண்டு ஸ்பீக்கரும் முதுகுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். பின்னால் மூன்று நான்கு அடி காலி இடம் இல்லாத வீட்டில் அவை பிடரியில் வந்து கத்தும்.

5.1 ஒழுங்காகப் போட்டாலே உங்கள் ஹாலுக்கு நிறைவு. கையில் இன்னும் காசு இருந்தால் 5.1.2, அதாவது தலைக்கு மேலே இரண்டு. டால்பி அட்மாஸ் 2012-இல் தியேட்டர்களுக்கு வந்தபோது அதன் புதுமையே இந்த உயரம்தான். ஹெலிகாப்டர் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காமல், அறையில் எந்த இடத்தில் அது கேட்க வேண்டும் என்று மட்டும் குறித்து வைப்பார்கள். உங்கள் வீட்டு ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி, அதைப் படித்து, இருக்கிற ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

கான்கிரீட் கூரையில் ஸ்பீக்கர் புதைக்க முடியாதே என்பார்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதில் பொருத்தலாம். இல்லாவிட்டால், ஃப்ரன்ட் ஸ்பீக்கரின் தலையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துப் பாடும் வகை இருக்கிறது. அதற்கு மட்டமான, கெட்டியான, ஒன்பது பத்து அடிக் கூரை வேண்டும். நம் ஃபிளாட்டின் மொட்டைக் கூரை அதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். நேராக மேலே பொருத்தியதற்கு இணை என்று சொல்லமாட்டேன். ஆனால் மழைக் காட்சியில் கண் தானாக மேலே போகும்.

ஸ்பீக்கரை எங்கெங்கே வைக்கணும்? டிகிரி கணக்கெல்லாம் புரியலை.

டிகிரி வேண்டாம், சணல் கயிறு போதும். உங்கள் தலை இருக்கும் இடத்தில் ஒருவரைக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து இடது ஃப்ரன்ட் வரை இழுத்து ஒரு முடிச்சு. அதே நீளத்தில் இடதிலிருந்து வலது ஃப்ரன்ட் வர வேண்டும், வலதிலிருந்து உங்கள் தலைக்கும் அதே நீளம். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் விழுந்தால் இரண்டு ஃப்ரன்ட்டும் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரியில் நிற்கிறது. ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தம் போடும் குட்டி வட்டம், காது உயரத்துக்கு வர வேண்டும்.

சரவுண்டுக்குக் கயிறுகூட வேண்டாம். உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். அந்தக் கை காட்டும் திசைக்குக் கொஞ்சம் பின்னால், காதுக்கு ஓரிரு அடி மேலே. 110 டிகிரி என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். டைனிங் பக்கம் சுவர் இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஸ்டாண்ட் வாங்குங்கள். ஒரு சரவுண்டைச் சுவரில் காதருகிலும், இன்னொன்றை எதிர்மூலை ஃபிரிட்ஜ் மேலும் வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் எல்லா வில்லனும் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தார்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஏழெட்டாயிரத்துக்கு 5.1 ஆம்ப் அசெம்பிள் பண்ணித் தர்றாங்க. பிராண்ட் ரிசீவர் எதுக்கு?

நானும் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில் வளர்ந்தவன்தான். 7294 ஐசி போர்டு, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி, 12-0-12 டிரான்ஸ்பார்மர் என்று ஆம்ப் பாகங்களைக் கணக்குப் போட்டே கல்லூரி நாட்கள் போயின. அந்த ஆம்ப்களில் சத்தத்துக்குக் குறைவில்லை. குழப்பம் ‘5.1’ என்ற ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஆறு சேனலை, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமான தனி ஒலித் தடத்தை, பெரிதாக்குவது ஒரு வேலை, அது ஆம்ப். வரும் சிக்னலைப் பிரித்து எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று சொல்வது இன்னொரு வேலை, அது டிகோடர் என்கிற பிராசஸர். இரண்டாவது வேலையும் காலத்துக்குக் காலம் மாறியது. 1976-இல் வந்த டால்பி ஸ்டீரியோவில் நான்கு சேனலை இரண்டுக்குள் மடித்து ஒளித்து வைத்தார்கள். அதை ஓரளவு பிரித்தெடுக்க 1987-இல் புரோ லாஜிக் வந்தது. 1992-இல் வந்த டால்பி டிஜிட்டலில் 5.1-இன் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக, டிஜிட்டலாக வந்தது. மறு வருடம் அதன் போட்டியாளர் டிடிஎஸ்.

மலிவான அசெம்பிள்டு செட் பலவற்றில் இந்த டிகோடரே கிடையாது. ப்ளூடூத்திலும் யுஎஸ்பியிலும் வரும் ஸ்டீரியோவை எடுத்து, நடுவில் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று தெளிக்கும். சில கடையில் ‘புரோலாஜிக் போர்டு’ போட்டுத் தருவார்கள், அது தேவலை. கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள் (ஆப்டிகல் என்பது டிவியின் ஒலியை ஒளியாகக் கொண்டுவரும் வயர்): “அண்ணே, ஆப்டிகல் இன்புட் இருக்கா? டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் டிகோடர் போர்டு போட்டிருக்கா?” ஆமாம் என்றால், ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் அந்தந்த ஸ்பீக்கரிலிருந்தே சொல்லும் 5.1 டெஸ்ட் ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடையில் இருக்கும் டிவியில் போட்டு ஆப்டிகல் வழியாகக் கேளுங்கள். ‘லெஃப்ட் சரவுண்ட்’ என்று சொல்லும்போது இடது பின் ஸ்பீக்கர் மட்டும் பேச வேண்டும். நாலும் சேர்ந்து பேசினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

டிகோடர் போர்டு இருந்தாலும் இரண்டு குறை இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்துக்கும் ஏற்ப சத்தத்தைத் தாமதிக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. சின்ன ஸ்பீக்கரால் முடியாத பேஸைப் பிரித்து சப்புக்கு அனுப்பும் ஒழுங்கும் இருக்காது. பிராண்ட் ரிசீவருக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த இரண்டுக்குத்தான். பட்ஜெட் இடிக்கிறதென்றால், புது அசெம்பிள்டு செட்டைவிட, எச்டிஎம்ஐ உள்ள பழைய பிராண்ட் ரிசீவரை செகண்ட் ஹேண்டில் வாங்கச் சொல்வேன்.

அப்புறம், பெட்டியில் ‘பிஎம்பிஓ’ (கண நேர உச்சம்) என்று போட்ட ஆயிரக்கணக்கான வாட்ஸைப் படிக்காதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு எந்த வயர்?

எச்டிஎம்ஐ. டிவியில் ‘ஏஆர்சி’ அல்லது ‘ஈஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் சாக்கெட்டிலேயே போட வேண்டும், பக்கத்து சாக்கெட்டில் போட்டால் வேலை செய்யாது. ஆப்டிகலில் ஸ்டீரியோவோ சுருக்கிய 5.1-ஓ போகும், அட்மாஸ் போகாது. ஏஆர்சியில் ஓடிடி தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும், அதற்குள் இருக்கும் அட்மாஸும் போகும். ப்ளூரே தரத்தில் சுருக்காத ஒலி வேண்டுமானால் ஈஏஆர்சி. அதுவும் 2017-இல் அறிவித்த எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்தது, பழைய டிவியில் தேடாதீர்கள்.

எல்லாம் மாட்டியாச்சு, அஞ்சு ஸ்பீக்கரும் பாடுது. ஆனா 5.1 மாதிரியே இல்லையே?

தாம்பரத்தில் என் சித்தப்பா வீட்டில் இரண்டு வருடம் இதே கதை. ரிமோட்டை வாங்கி டிவியின் சவுண்ட் மெனுவுக்குள் போனேன். ‘டிஜிட்டல் அவுட்புட்: பிசிஎம்’ என்று இருந்தது. அப்படி வைத்தால் பல டிவிகள் எல்லாவற்றையும் இரண்டு சேனலாகக் கரைத்துத்தான் அனுப்பும். ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றினேன். ரிசீவர் முகப்பில் அதுவரை ‘ஸ்டீரியோ’ என்று எரிந்த எழுத்து ஒரு கணம் அணைந்து ‘டால்பி டிடி பிளஸ்’ என்று வந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பார்த்து முடித்த படத்தை முதலிலிருந்து போட்டார்.

அந்த முகப்பு எழுத்தைப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன வருகிறது என்று அது மட்டுமே உண்மை சொல்லும். யூடியூபில் பெரும்பாலானவையும், டிவி சேனல்களில் பெரும்பாலானவையும் ஸ்டீரியோதான். ஓடிடியிலும் படத்துக்குப் படம், சந்தாவுக்குச் சந்தா மாறும். ஒரே படத்தில் தமிழ் ஸ்டீரியோவாகவும் இந்தி 5.1 ஆகவும் இருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது.

ஸ்பீக்கர் வயருக்கு மீட்டர் 500 ரூபாய் சொல்றாங்க. வாங்கலாமா?

வேண்டாம். நல்ல செம்பில் 1.5 ஸ்கொயர் எம்எம் இரட்டை வயர் போதும். பத்து மீட்டர் இழுத்தால், போய் வரும் இரண்டு இழையும் சேர்ந்து கால் ஓம் அளவுக்குத்தான் தடை வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது கொசுக்கடி. அதைவிட நீளமாகப் போனால், அல்லது 4 ஓம் ஸ்பீக்கரென்றால், 2.5 எடுங்கள். மிச்சக் காசுக்கு வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் வாங்குங்கள்.

பிளஸ், மைனஸ் மாறாமல் பார்ப்பது வயரின் விலையைவிட முக்கியம். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக்கொள்வார். சுவருக்குள் போன வயரில் எது எது என்று தெரியவில்லையா? ஆம்பிலிருந்து இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். இன்னொருவர் ஸ்பீக்கர் முன் வலையைக் கழற்றி, பேஸ் பாடும் பெரிய வட்டமான வூஃபரையே பார்க்க வேண்டும். ‘டப்’ என்ற சத்தத்தோடு கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட இழைதான் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். ஐந்து ஸ்பீக்கருக்கும் ஐந்து நிமிடம் ஆகும். ஆம்ப் மாட்டியிருக்கும்போது மட்டும் செய்யாதீர்கள்.

ரிசீவரோட மைக் வந்தது. அதை வச்சு ஆட்டோ செட்டப் பண்ணிட்டா முடிஞ்சதா?

முக்கால்வாசி முடிந்தது. ஆடிஸி, ஒய்பாவோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர், வேலை ஒன்றுதான். மைக்கை சோபா மெத்தையில் போடாதீர்கள். கேமரா ஸ்டாண்டில், காது உயரத்தில், நீங்கள் உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள். ஏசி, ஃபேன் இரண்டையும் அணையுங்கள். குக்கர் விசில் வரும் நேரத்தைத் தவிருங்கள், கிண்டலில்லை, அந்த விசிலையும் சேர்த்துத்தான் மைக் கேட்கும்.

முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். சிறு ஸ்பீக்கர்களைக்கூடப் பல ரிசீவர் ‘லார்ஜ்’ என்று எழுதி வைக்கும். எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸோவரை (அதற்குக் கீழுள்ள பேஸ் சப்புக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கைக்குள் அடங்கும் குட்டி ஸ்பீக்கரென்றால் 120. சப்வூஃபர் ஒன்பது அடியில் இருக்கும்போது பதினான்கு அடி என்று காட்டினால் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் ஃபில்டர் சத்தத்தைத் தாமதிக்கிறது, அதையும் கூட்டித்தான் அது சொல்கிறது. மற்ற ஸ்பீக்கர்களின் தூரம் டேப் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

சப் எங்கே வச்சாலும் ஒரே ‘தும் தும்’. சின்னதா வாங்கினா சரியாகுமா?

ஆகாது. சத்தம் போடுவது உங்கள் அறை. 14 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 52 ஹெர்ட்ஸ், அந்தச் சுருதிகளில் அறையே சேர்ந்து பாடும். இரண்டு பக்கமும் சமமான சதுர அறையில் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து இன்னும் மோசமாகும். சுவரோரம் உட்கார்ந்தால் அது உச்சம். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே சுருதி காணாமலே போகும். இரண்டும் வேண்டாம்.

வழி பழையதுதான், கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். சப்பைத் தூக்கி சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிட்டார் தெளிவாக ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கிறதோ அதுதான் சப்பின் இடம். பல வீடுகளில் அது டிவி யூனிட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்திருக்கிறது, மூலையில் வந்ததில்லை. கடைசியாக சப்பில் இருக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, பேஸ் அதிகம் கேட்கும் பக்கம் விடுங்கள்.

சண்டைக் காட்சி காதைக் கிழிக்குது, பேசறது மட்டும் கேட்கவே மாட்டேங்குது.

வசனம் வருவது சென்டரில். அது உங்கள் வீட்டில் டிவி யூனிட்டின் அடித்தட்டுக்குள், செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். தட்டின் முன்விளிம்பு வரை இழுங்கள். ரப்பர் துண்டு வைத்து முகத்தை உங்கள் காதைப் பார்க்கத் தூக்குங்கள். அப்புறமும் குறைவாக இருந்தால் சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் ‘நைட் மோட்’ போட்டால் வெடிச்சத்தம் அடங்கி முணுமுணுப்பு மேலே வரும்.

ஹால்ல எக்கோ அடிக்குது. ஃபோம் ஒட்டணுமா?

முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் அலங்காரத்துக்கு. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் டைல்ஸ் மேல் கனமான கம்பளம் போடுங்கள். பவானி ஜமக்காளம் அழகு, ஆனால் மெலிசு, கைதட்டல் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். பின்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்கு மடிப்பு விழும் கெட்டித் திரை. பண்டிகைக்கு விருந்தாளிகள் வந்து இலவம்பஞ்சு மெத்தைகளை ஹாலில் போட்ட இரவுகளில் படம் போட்டுக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

கீழ்வீட்டு மாமா சண்டைக்கு வர்றார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. சப்புக்கு அடியில் கெட்டி ரப்பர் பாய் போட்டால் தரை அதிர்வது குறையும். காற்று வழியாகப் போகும் பேஸை எந்தப் பாயும் நிறுத்தாது. பத்து மணிக்கு மேல் சப்பின் அளவைக் குறைத்துவிடுங்கள். ஒரு ஞாயிறு மாமாவையும் படம் பார்க்கக் கூப்பிடுங்கள், அது ரப்பரைவிட நன்றாக வேலை செய்யும்.

எப்பவும் ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் ஓடுது.

முதலில் கேபிள் டிவியின் வெள்ளை வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றுதான் (இரண்டு வழியாக எர்த் சேர்வது) காரணம், அந்த வயரில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீரும். எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம், உயிரோடு விளையாட்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், அது இன்வெர்ட்டரின் குணம்.

அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை ரிசீவர் கொண்டு வந்திருக்கார்.

பின்பக்கம் ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். நம் ஊர் 230. அதன் வாட்ஸைவிடத் தாராளமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

மழை, வெயில், கடல் காற்று?

ரிசீவரைக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டாதீர்கள், தலைக்கு மேல் அரை அடி காலியாக விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பவர் பிளக்கோடு கேபிள் வயரையும் பிடுங்குங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வருடம் ஒருமுறை வயர் முனை பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் வெட்டிப் புது முனை சீவுங்கள்.

அப்புறம் பல்லி. இதமான சூட்டைத் தேடி உள்ளே போய் போர்டின் மேல் படுத்துக்கொள்ளும். என் பழைய ஆம்ப் ஒன்று அப்படித்தான் போனது, பல்லியோடு சேர்ந்து.

பழைய பாட்டு போட்டா எல்லாம் சென்டரிலிருந்தே வருது. மத்த ஸ்பீக்கர் ரிப்பேரா?

இல்லை, பிராசஸர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாட்டில் பெரும்பகுதி மோனோ, அதாவது ஒரே சேனல். இடதிலும் வலதிலும் ஒரே சத்தம் வந்தால் ‘இது நடுவில் நிற்கிற ஆள்’ என்று, ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் விரிக்கும் டால்பி சரவுண்ட் மோட் முடிவு செய்து, மொத்தத்தையும் சென்டருக்கு அனுப்பிவிடும். எண்பதுகளின் இளையராஜா பாட்டு பலவும் ஸ்டீரியோ. அதில் வயலின் கூட்டம் விரியும், குரல் நடுவில் நிற்கும், எதிரொலி கொஞ்சம் பின்னாலும் போகும். அந்த மோடில் கேட்கச் சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. ரிமோட்டில் ‘ஸ்டீரியோ’ பட்டனை அழுத்தினால் இரண்டு ஃப்ரன்ட்டும் சப்பும் மட்டும் பாடும். கயிறு பிடித்து வைத்த முக்கோணம் சரியாக இருந்தால், சென்டர் வாயே திறக்காமல் குரல் டிவிக்கு நடுவிலிருந்து வரும். எழுந்து போய் சென்டரில் காதை வைத்துப் பார்ப்பீர்கள். எல்லாரும் பார்ப்பார்கள்.